நெகிழ்வட்டு இயக்கியின் 34 முனைகள்: மின்குறிகை இடைமுகமும் தமிழ்க் கோப்புகளின் மீட்பும்

1980களிலும் 1990களிலும் தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் வெளியே கணினியில் தட்டெழுதப்பட்ட தமிழ் பெரும்பாலும் நெகிழ்வட்டுகளிலேயே சேமிக்கப்பட்டது. சிற்றிதழ்ப் பக்கங்கள், சங்க மலர்கள், ஆய்வேட்டு வரைவுகள், சொற்பட்டியல்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். இன்று அவ்வட்டுகள் பெட்டி பெட்டியாக நூலகங்களுக்கு வந்து சேர்கின்றன. நூலகர் மலிவான யூஎஸ்பி இயக்கி ஒன்றை வாங்கி வட்டைச் செருகுகிறார். வட்டு வடிவமைக்கப்படவில்லை, இப்போது வடிவமைக்கலாமா என்று கணினி கேட்கிறது. ‘ஆம்’ என அழுத்தினால் உள்ளதும் போய்விடும். ‘இல்லை’ என்றால் வட்டு ‘கெட்டது’ என ஒதுக்கப்படும். உண்மையில் அவ்வட்டு கெடாமல் இருக்கலாம். இதனை விளங்கிக்கொள்ள, இயக்கிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் கம்பிகள் எதைச் சுமக்கின்றன என்பதை அறிதல் வேண்டும்.

ஷுகார்ட் நிறுவனம் 1976இல் வெளியிட்ட எஸ்ஏ400 என்னும் 5.25 அங்குல இயக்கியின் 34 முனை இணைப்பே, சிறு மாறுதல்களுடன், பின்வந்த பெரும்பாலான இயக்கிகளுக்கு மாதிரியாயிற்று. ஒற்றைப்படை எண்ணுள்ள 17 முனைகளும் தரையிணைப்புகள். குறிகைகள் இரட்டைப்படை முனைகளில் மட்டுமே செல்கின்றன. ஒவ்வொரு குறிகைக் கம்பிக்கும் அருகில் ஒரு தரைக்கம்பி ஓடுவதால் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறுவது குறைகிறது.

இக்குறிகைகள் தலைகீழ்த் தருக்கம் உடையவை. கம்பி இயல்பாக 5 வோல்ட் அளவில் நிற்கும். கட்டளையிட வேண்டிய முனை அதனைச் சுழிக்கு இழுக்கும். இழுத்த நிலையே ‘உண்டு’. விட்ட நிலை ‘இல்லை’. ஒரே வடத்தில் பல இயக்கிகள் தொங்கினும், தெரிவுக் கம்பியால் அழைக்கப்பட்டது மட்டுமே விடையளிக்கும். கணினியிலிருந்து செல்லும் கம்பிகளை 5 வோல்ட்டில் தாங்கி நிற்பது வடத்தின் கடைசி இயக்கியில் உள்ள முடிப்புத் தடை. பழைய இயக்கிகளில் அதன் அளவு 150 ஓம். ஆகவே கம்பியைச் சுழிக்கு இழுக்கும் சுற்று ஏறக்குறைய 33 மில்லியாம்பியர் தாங்க வேண்டும். இரு இயக்கிகளிலும் முடிப்புத் தடை இருந்துவிட்டால் சுமை இரட்டிக்கும். பழைய கருவிகளை ஒட்டுப்போட்டு இணைப்போர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஐபிஎம் தன் வடத்தில் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகளை முறுக்கியதும் இரு இயக்கிகளை வேறுபடுத்தவே.

கட்டளைகள் மிகச் சிலவே. 18ஆம் முனை திசையைக் கூறும். 20ஆம் முனையில் வரும் ஒவ்வொரு துடிப்பும் தலையை ஒரு தடம் நகர்த்தும். தான் எத்தனையாவது தடத்தில் நிற்கிறது என்பது இயக்கிக்குத் தெரியாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். விளிம்பிலுள்ள சுழித்தடத்தை அடைந்ததை மட்டும் 26ஆம் முனை வழியே அறிவிக்கும். எஞ்சிய எண்ணிக்கை கணினியின் பொறுப்பு. வட்டு ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் 8ஆம் முனையில் ஒரு துடிப்பு எழும். நிமிடத்திற்கு 300 சுற்று எனின், இரு துடிப்புகளுக்கு இடையே 200 மில்லிவினாடி.

நம் நோக்கிற்கு உயிரானது 30ஆம் முனை. வட்டில் காந்தத்தின் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் இம்முனையில் ஒரு குறுந்துடிப்பு தோன்றும். அவ்வளவே. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, கோப்பின் பெயரும் இல்லை. பொருள் யாவும் துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் உள்ளது. 720 கிலோபைட் வட்டில் அவ்விடைவெளி 4, 6, 8 மைக்ரோ வினாடி என மூவகையாக அமையும், 1.44 மெகாபைட் வட்டில் அவை பாதியாகும். யாப்பில் குறில் நெடில்களின் மாத்திரை போல எனச் சொல்லலாம். ஆயினும் இந்த ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கலாகாது. இடைவெளிகளை இருமங்களாகவும் இருமங்களைப் பைட்டுகளாகவும் மாற்றுவது இயக்கியன்று. கணினியிலுள்ள கட்டுப்படுத்திச் சில்லு.

ஆகவே ‘படிக்க இயலாத வட்டு’ என்பது பெரும்பாலும் இயக்கியின் தீர்ப்பன்று, கட்டுப்படுத்தியின் தீர்ப்பு. யூஎஸ்பி இயக்கி தன் கட்டுப்படுத்தியை உள்ளேயே மூடிவைத்துக்கொண்டு, தான் அறிந்த சில வடிவங்களை மட்டும் ஏற்கிறது. 30ஆம் முனை நமக்கு எட்டுவதில்லை. பழைய மக்கின்டோஷின் 800 கிலோபைட் வட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்கணினி தடத்திற்கேற்பச் சுழல்வேகத்தை மாற்றியதோடு வேறொரு குறியீட்டு முறையையும் கையாண்டது. யூஎஸ்பி இயக்கிக்கு அது வெற்று வட்டு. ஆனால் 34 முனை கொண்ட பழைய 3.5 அங்குல இயக்கியில் அதனை இட்டு, துடிப்புகளின் காலத்தை மட்டும் பதிவு செய்தால், வேக வேறுபாட்டையும் குறியீட்டையும் பின்னர் மென்பொருள் கணக்கிட்டுத் தீர்க்கும். கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் முதலிய கருவிகள் இதையே செய்கின்றன. ஒரே தடத்தைப் பல சுற்றுகள் பதிந்து ஒப்பிட்டால் தேய்ந்த பகுதிகளும் சில வேளை கைகூடும்.

அஞ்ச வேண்டியது 24ஆம் முனை. அது சுழிக்கு இறங்கினால் தலை எழுதத் தொடங்கும். எழுதுதடை இட்ட வட்டில் இயக்கியே அதனைத் தடுத்துவிடும். எனவே வட்டைச் செருகுமுன் தடை இடுதல் கட்டாயம். 5.25 அங்குல வட்டில் ஓரத்துப் பிளவை ஒட்டுத்தாளால் மூட வேண்டும், 3.5 அங்குல வட்டிலோ துளையைத் திறந்துவிட வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பதை உதவியாளர்களுக்கு எழுதியே கொடுப்பது நன்று. பூஞ்சை பிடித்த வட்டைத் தூய்மை செய்யாமல் சுழற்றலாகாது.

பைட்டுகள் கிடைத்தபின் தமிழுக்கே உரிய மற்றொரு தடை எழுகிறது. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு அட்டவணையைக் கொண்டிருந்தது. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ‘க’வாகவும் மற்றொன்றில் ‘ளு’வாகவும் இருக்கக்கூடும். அந்த எழுத்துருவோ பெரும்பாலும் தனி வட்டில் இருந்தது. நன்கொடையாளர் கட்டுரை வட்டுகளை மட்டும் தெரிந்தெடுத்துத் தந்து, நிறுவல் வட்டுகளைக் குப்பையில் இடுவது வழக்கம். அவற்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். வட்டின் மேலுறையில் எழுதப்பட்ட செயலியின் பெயர், எழுத்துருவின் பெயர், கணினியின் வகை ஆகியவற்றைப் படம் எடுத்து, துடிப்புக் கால அளவுகள் கொண்ட மூலப் பதிவோடு, இயக்கியின் சுழல்வேகத்தையும் தட எண்ணிக்கையையும் சேர்த்து ஒரே அட்டவணை எண்ணின்கீழ் வைக்க வேண்டும்.