கார்த்திகை மாதத்து அவரைக்காய்

ஐப்பசியில் மழை ஓய்ந்து கார்த்திகையில் பனி இறங்கத் தொடங்கும் சரத் காலம், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே பீடபூமியில் அமைந்த பெங்களூருக்கு, வருஷத்திலேயே சுபிட்சமான காலம். கிருஷ்ணராஜ மார்க்கெட்டிலும், பசவனகுடி காந்தி பஜாரிலும், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலும், பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நெல்லிக்காயும் பச்சை வேர்க்கடலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிய, அவற்றுக்கெல்லாம் கடைசியில், ஆனால் அவை அனைத்தையும் பின்தள்ளிவிடும் செல்வாக்குடன், அவரைக்காய் வந்து சேர்கிறது. எந்தக் காயும் எந்த நாளும் கிடைக்கும் வசதி வாய்த்துவிட்ட இக்காலத்திலும் ஒரு நகரத்து மக்கள் ஒரு காயின் வரவை மாதக்கணக்கில் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் காரணத்தை வயலிலும் தேட வேண்டும், அடுப்படியிலும் தேட வேண்டும்.

பஞ்சாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்நகரத்து மாத்வர் வீடுகளில் சாதுர்மாஸ்ய விரதத்தின் முதல் மாதம் காய்கறியையும், இரண்டாம் மாதம் தயிரையும், மூன்றாம் மாதம் பாலையும், நான்காம் மாதம் பருப்பு வகைகளையும் விலக்குவது சம்பிரதாயம். தீபாவளி கழிந்து வரும் உத்தான துவாதசியன்று, துளசி மாடத்தில் காயோடு கூடிய நெல்லிக்கிளையை நட்டு, விளக்கேற்றிப் பூஜை செய்ததும் விரதம் நிறைவடைகிறது. பருப்புக்கு இருந்த தடை நீங்குகிற அதே சமயத்தில்தான் புதிய அவரை சந்தைக்கு வரத் தொடங்குகிறது. ஒரு மாதம் பருப்பில்லாமல் சமைத்த வீட்டில் முதல் அவரைக் குழம்பு கொதிக்கும்போது எழும் வாசனைக்கு இருக்கும் மகிமை, நாள்தோறும் எல்லாம் கிடைக்கும் வீட்டில் ஒருபோதும் கைகூடாது.

வேர்க்கடலைக்கோ ஒரு திருவிழாவே நடக்கிறது. கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையன்று, 1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் கட்டியதாகச் சொல்லப்படும் பசவனகுடி நந்தி கோயிலைச் சுற்றிய தெருக்களில் கடலைக்காய் மலைமலையாகக் குவிந்திருக்கும். பயிரை மேய்ந்து அழித்த காளையைச் சாந்தப்படுத்த, சுற்றுவட்டக் குடியானவர்கள் முதல் விளைச்சலைப் பசவண்ணனுக்கு அர்ப்பணிக்க நேர்ந்துகொண்டார்கள் என்பது ஐதிகம். தோலோடு உப்புப் போட்டு வேகவைத்த பச்சைக் கடலையைச் சுடச்சுட உரித்துத் தின்பதைவிட மேலான பக்குவம் அதற்கு வேறு இல்லை என்பதால், மேலும் விவரிக்காமல் அவரைக்கே வருகிறேன்.

மாகடி, ராமநகரம், கோலார் ஆகிய பிரதேசங்களில் நாட்டு அவரை தனிப்பயிராக மட்டுமின்றி, கேழ்வரகு வயலில் ஊடுபயிராகவும் விதைக்கப்படுகிறது. கேழ்வரகு கதிர் முற்றி அறுவடையான பிறகும் அவரைக்கொடி மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே தழைத்து நிற்கிறது. இந்தக் கொடிக்கு ஒரு விசேஷ சுபாவம் உண்டு: பகற்பொழுது சுருங்கினாலன்றிப் பூக்காது. ஆகவே எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும், எத்தனை உரம் இட்டாலும், சரத் காலம் வந்தே அது காய்க்க முற்படுகிறது. பனிக்காலத்துக் காயின் தோலில் எண்ணெய்ப் பசைபோல் ஒரு கசிவு படர்ந்திருக்கும். கன்னடர் ‘சொகடு’ என்று கொண்டாடும் அந்தக் கசிவின் வாசனைதான் அவரையின் உயிர்.

வாங்கும்போது காயைத் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் பிசுபிசுப்பு ஒட்டி, மூக்கருகே கொண்டுபோனால் வாசனை எழ வேண்டும். துளை விழுந்த காயில் புழு இருக்கும். ஒரு கிலோ காயை உரித்தால் கொட்டை பாதிக்கும் குறைவாகவே தேறும் என்பதையும் நினைவில் வைத்து வாங்குவது நல்லது. உரித்த கொட்டையை அப்படியே சமைக்கலாம். ஆனால் பிதுக்குப் பருப்பு வேண்டுமானால் பிரயாசை அதிகம். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொரு கொட்டையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், தோல் விரலிலேயே தங்க, பருப்பு மீன் போல வழுக்கிப் பாத்திரத்தில் விழும். மாமியாரும் மருமகளும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தைகளும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இது. தனியாக ஒருத்தி தலையில் விழுந்தால் பொழுதே போய்விடும். ஆகையால் இந்தக் குழம்பை விரும்புகிற ஆண்பிள்ளைகளும் முறத்தருகே வந்து உட்காருவதுதான் நியாயம்.

குழம்புக்கு, கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், சிறிது கசகசா, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றை வறுத்து, தேங்காயும் வதக்கிய வெங்காயமும் பூண்டும் பச்சைக் கொத்தமல்லியும் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும். பருப்பைக் குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்திலேயே வேகவைப்பது உசிதம். நசுக்கினால் நசுங்கவும் வேண்டும், கரையாமல் முழுதாக நிற்கவும் வேண்டும். அரைத்த விழுதைக் கலந்து பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும். புளி தாராளமாக வேண்டாம், சொகடை அது அமுக்கிவிடும். கேழ்வரகுக் களியைக் கிள்ளி இந்தக் குழம்பில் புரட்டி விழுங்குவது இப்பிரதேசத்துக் குடியானவர்களின் ராஜ போஜனம். அரிசி மாவில் வெந்த அவரைக்கொட்டையையும், கன்னடர் ‘சப்பசிகெ’ என்னும் சதகுப்பைக் கீரையையும், பச்சை மிளகாயையும் பிசைந்து தட்டும் ரொட்டி, காலைப் பலகாரமாக இதற்குச் சளைத்ததல்ல. உப்புமாவில்கூட ஒரு பிடி அவரை சேர்ந்துவிட்டால் அதன் அந்தஸ்தே வேறு.

பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் ‘ஹெப்பாள் அவரை’ என்ற பெயரில் பகலின் நீளத்தைச் சார்ந்திராமல் வருஷம் முழுவதும் காய்க்கும் ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். குறுகிய காலத்தில் விளைந்து எப்பொழுதும் பணம் தரும் பயிரைக் குடியானவர் விரும்புவதில் தவறில்லை. அந்த ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் சித்திரையில் வாங்கிய அவரையையும் மார்கழிப் பனியில் நனைந்து வந்த அவரையையும் ஒரே மசாலாவில் சமைத்து ருசித்தவர்களுக்கு, எது உணவு, எது விருந்து என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு ரகத்தை வாங்க ஆள் இருக்கும்வரையில்தான் அதை விதைக்கவும் ஆள் இருப்பார்கள் என்பதால், பருவத்தில் வாங்குவதைப் பெங்களூர் வீடுகள் கைவிடக் கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்து நேயர்களுக்குப் பிதுக்குப் பருப்பு சொந்தப் பதார்த்தம். மற்ற ஜில்லாக்களில் இருப்பவர்கள், பொங்கலை ஒட்டி வரும் பச்சை மொச்சையைக் கொண்டே இந்தக் குழம்பை வைக்கலாம், அதுவும் இதே இனத்துக் காய்தான். அதன் தோல் சற்றுத் தடிப்பாக இருந்தால், ஊறவைக்கும் தண்ணீரை இளஞ்சூடாக வைத்து, தோல் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு கொட்டையைப் பிதுக்கிப் பார்த்த பிறகே மற்றவற்றில் கை வைக்க வேண்டும்.