பாடகியின் கணக்கும் சட்டத்தரணியின் கொடையும்

எமது கல்லூரியிற் பயின்று சட்டத்துறை புகுந்து புகழீட்டியோர் பலர். பிரக்கிராசியார், அப்புக்காத்தர் என அத்தொழில் இரு கூறாக இருந்த காலத்திலும், பின்னர் யாவரும் சட்டத்தரணிகள் என ஒன்றாகிய காலத்திலும், அவருட் கொடையாளரும் இருந்தனர். கொடை என்றவுடன் கட்டடத்திற் பொறித்த பெயரே நம் நினைவுக்கு வரும். தம் தொழிலறிவையே கொடையாக ஈந்த அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம். அவர் பெயர் ஹவெல் பெகிள். வாஷிங்ரன் நகரில் ஊடகத்துறையினருக்குச் சட்டப்பணி புரிந்தவர். அவர் செய்ததை விளங்கிக்கொள்ள, முதலில் ஒரு பாடகியின் கதையை அறிதல் வேண்டும்.

றூத் பிறவுண் என்னும் அம்மையார் 1928 இல் வேர்ஜினியா மாநிலத்துப் போட்ஸ்மத் நகரிற் பிறந்தவர். மோட்டார் விபத்தொன்றிற் கால்கள் முறிந்து வைத்தியசாலையிற் கிடந்தபோதே, அற்லான்ரிக் என்னும் இசைத்தட்டுக் கொம்பனியுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டார். அக்கொம்பனி 1947 இல் தொடங்கிய சிறு நிறுவனம். 1950 ஆம் ஆண்டு முதல் இவ்வம்மையாரின் தட்டுகள் கறுப்பின மக்களிடையே பெருவிற்பனையாயின. அக்கொம்பனியை ‘றூத் கட்டிய வீடு’ என்றே பிற்காலத்தார் அழைத்தனர். ஆயின் 1961 இல் அவர் அக்கொம்பனியை விட்டு நீங்கியபின், வீடு கட்டியவர் பிறர் வீடுகளிற் பணிப்பெண்ணாக வேலை செய்தார். பாடசாலைப் பேருந்தும் ஓட்டினார். இரு மைந்தரை வளர்க்கவேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. அவர் பாடிய தட்டுகளோ தொடர்ந்து விற்பனையாயின.

இஃது எவ்வாறு நேர்ந்தது? களவு என்று ஒரு சொல்லிற் கூறிவிடலாகாது. ஒப்பந்தத்தின் உள்ளேயே வினை இருந்தது. விற்கும் ஒவ்வொரு தட்டிற்கும் பாடகருக்குச் சேரும் பங்கினை றோயல்ரி என்பர். அக்காலத்துக் கறுப்பினப் பாடகர்க்கு அது விலையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே கிடைத்தது. அதுவும் உடனே கைக்கு வராது. ஒலிப்பதிவுக் கூடத்தின் செலவு, வாத்தியகாரர் கூலி, முற்பணம் யாவும் பாடகர் தலையிற் கடனாக எழுதப்படும். பங்குப்பணம் அக்கடனுக்கே முதலிற் செல்லும். ஓர் உதாரணம் கொள்வோம். ஒலிப்பதிவுக்கு 2,000 டொலர் செலவு. தட்டின் விலை ஒரு டொலர். பாடகர் பங்கு ஐந்து சதம் என்க. 40,000 தட்டுகள் விற்றபின்னரே கடன் தீரும். அதற்குள் கடைகளில் 40,000 டொலருக்கு வியாபாரம் நடந்துவிடும். பாடகர் கையில் ஒரு சதமும் இராது. அடுத்த பாட்டின் பதிவுச் செலவு வந்ததும் கடன் மீண்டும் ஏறும். செலவு பாடகருடையது, பதிவோ கொம்பனியின் சொத்து! நமது ஊர்களிற் குத்தகைக் கணக்கும் வட்டிக் கணக்கும் கண்டவர்க்கு இது புதுமையன்று.

1980 களின் தொடக்கத்தில், மீண்டும் மேடையேறத் தொடங்கியிருந்த றூத் பிறவுணின் நிகழ்ச்சிக்குப் பெகிள் சென்றார். சிறுவயது முதலே அவர் அப்பாடல்களில் ஈடுபாடுடையவர். தாம் சேர்த்து வைத்திருந்த பழைய தட்டுகளை எடுத்துச் சென்று கையொப்பம் வேண்டினார். அவற்றின் விற்பனையால் தமக்கு ஆண்டுக்கணக்காக ஒன்றும் கிடைக்கவில்லை என அம்மையார் கூறினார். இரசிகராகச் சென்றவர் சட்டத்தரணியாகத் திரும்பினார். கூலி ஒன்றும் பெறாது அவர் வழக்கை ஏற்றுக்கொண்டார்.

சட்டம் அவருக்கு முழுத்துணையாக இருக்கவில்லை. நியூயோர்க் மாநிலத்தில் ஒப்பந்த மீறலுக்கு வழக்கிடும் காலக்கெடு ஆறு ஆண்டு. முப்பது ஆண்டுக்கு முந்திய கணக்கை நீதிமன்றில் எழுப்புவது எளிதன்று. கணக்குப் புத்தகத்தின்படி பாடகரே கடனாளி. ஆகவே பெகிள் வேறு வழியையும் நாடினார். அம்மையாரைப் போல் வருந்திய ஏனைய பழம்பாடகர் பலரையும் ஒன்றுசேர்த்தார். காங்கிரஸ் உறுப்பினர் சிலரையும் குடியுரிமைத் தலைவர் ஜெசி ஜாக்சனையும் பத்திரிகைகளையும் இவ்விடயத்தின்பாற் திருப்பினார். நீதிமன்றில் வெல்லவியலாத கட்சிக்காரர்க்காகச் சபையில் வாதாடுவதும் சட்டத்தரணியின் தொழிலே என்பது எமது கருத்து. இதனை மறுப்பாரும் உளர்.

இம்முயற்சிக்குப் பல ஆண்டு பிடித்தது. காத்திருந்தோர் யாவரும் முடிவைக் காணவில்லை. அதே கொம்பனிக்குப் பாடிப் புகழ்பெற்ற ஜோ ரேணர் 1985 இல் இறந்துபோனார். 1988 இல் அற்லான்ரிக் தன் நாற்பதாம் ஆண்டு விழாவை நியூயோர்க்கிற் பெருஞ் சிறப்பாகக் கொண்டாடியது. அவ்வாண்டே இணக்கமும் ஏற்பட்டது. றூத் பிறவுண் உட்பட முப்பதுக்கு மேற்பட்ட பழைய பாடகரின் கடன் பதிவுகள் நீக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குரிய நிலுவைப் பங்கும் மீளக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அவ்வகைப் பழங் கலைஞர்க்கு உதவும் பொருட்டு றிதம் அன்ட் புளூஸ் மன்றம் என்னும் அறநிறுவனமும் எழுந்தது. அதன் மூலநிதிக்குக் கொம்பனி பத்து இலட்சம் டொலருக்கு மேற் கொடுத்தது. வேறு சில கொம்பனிகளும் பின்னர்த் தம் பழங்கணக்குகளைத் திருத்த முன்வந்தன.

இங்கு ஒன்றை வேறுபடுத்திக் காணல் வேண்டும். நிலுவைப் பங்கு என்பது பாடகர் உழைத்த பணம். அதனைக் கொடுத்தவரைக் கொடையாளர் எனல் பொருந்தாது. மன்றத்துக்கு ஈந்த நிதியைக் கொடை எனலாம். ஆயினும் வழக்கும் வசையும் நெருங்கிய வேளையில் வந்த கொடை அது. கேளாமற் கொடுக்கப்பட்டது பெகிளின் உழைப்பு ஒன்றே. தம் நேரத்தைக் கூலிக்கு விற்று வாழும் தொழிலாளர் அதனை விலையின்றி ஆண்டுக்கணக்காக ஈவது எத்துணை அரிது என்பதைச் சட்டத்துறையிலுள்ள எம் நண்பர்கள் நன்கறிவர். மேலும், அவர் உதவி பெற்றவரை இரவலராக்காது உரியவராக்கிற்று. எஞ்சிய வாழ்நாளில் அம்மையார் எவரிடமும் தயவை எதிர்பார்க்கவில்லை. தம் கணக்கையே எதிர்பார்த்தார்.

மன்றம் 1989 முதல் முன்னோடிக் கலைஞர்க்கு விருதும் பணமுடிப்பும் வழங்கியது. நோயுற்றோரின் வைத்தியச் செலவுக்கும் இறந்தோரின் ஈமக்கிரியைக்கும் உதவியது. அதே 1989 இல் றூத் பிறவுண் ‘பிளாக் அன்ட் புளூ’ என்னும் நாடகத்துக்காக ரோனி விருது பெற்றார். 2006 நவம்பரில் அவர் காலமானார். பெகிள் 2018 டிசம்பரில், எழுபத்து நான்காம் வயதில் மறைந்தார்.