'டிக் டிக்' சத்தம் கேட்குதா? பல வருடம் ஷெட்டில் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை எழுப்பும் வழி!

எம்.ஜி.பி. பழைய கார் பிரியர்களிடம் இந்த மூன்று எழுத்தைச் சொன்னாலே முகம் மலரும். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இது. அப்பா ஆசை ஆசையாக ஓட்டியது, அவர் காலத்துக்குப் பிறகு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் போய்விடும். பத்து வருடம் கழித்து மகனோ மகளோ சாவியைக் கையில் எடுக்கும்போது முதலில் தோன்றுவது, 'ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போமே!' என்பதுதான்.

அதை மட்டும் செய்யக் கூடாது. காரணம் பெட்ரோல்.

இந்தக் காரில் இரண்டு எஸ்.யு கார்புரேட்டர்கள் இருக்கும். அவை உட்கார்ந்திருப்பது சைலன்சர் குழாய் தொடங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. பல வருடம் சும்மா கிடந்த ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், கசியும் பெட்ரோல் சொட்டுவது கொதிக்கும் இரும்பின் மேல்தான். பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்த கார், ஷெட்டோடு சேர்ந்து எரிய இது போதும். எனவே தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரப்பர் ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது. இங்கே சிக்கனம் பார்ப்பது வீண்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் வடித்தாக வேண்டும். அதில் எளிதில் பற்றிக்கொள்ளும் பகுதி ஆவியாகிப் போயிருக்கும். மிஞ்சியது வார்னிஷ் வாடை அடிக்கும், பிசின்போல கார்புரேட்டர் துளைகளை அடைக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாளாக ஆக, தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தங்கி துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பரையும் அரிக்கும். (நம் ஊரில் இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழைய ஸ்கூட்டருக்கும் இந்தக் கவலை உண்டு.)

அடுத்து இன்ஜின். ஆயிலை மாற்றி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவிட வேண்டும். பிறகு காரை டாப் கியரில் போட்டு மெதுவாகத் தள்ளினால் இன்ஜின் சுற்றுகிறதா, இறுகிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

பம்ப் பேசும் பாஷை

இப்போது பேட்டரியை இணைக்கலாம். ஒரு எச்சரிக்கை: 1967 வாக்கில் வரை வந்த எம்.ஜி.பி-களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். பிற்காலக் கார்களில் நெகட்டிவ். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். பார்த்துவிட்டு மாட்டுவது உத்தமம்.

சாவியை ஆன் செய்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று வேகமாக ஒரு சத்தம் வரும். அது எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்ப நிரம்ப சத்தம் மெதுவாகி நின்றுவிட்டால் எல்லாம் சரி. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்று டேங்கில் பெட்ரோல் இல்லை; அல்லது பம்ப் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது; அல்லது கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. வாடை வந்தால் உடனே சாவியை அணைத்துவிட வேண்டும். சத்தமே வராவிட்டால்? உள்ளே இருக்கும் பாயின்ட்டுகள் கறுத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் பம்பை லேசாகத் தட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். ஆனால், அது அன்றைக்கு மட்டும்தான். பாயின்ட்டைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

சூடாகும் சோக் கேபிள்

இந்தக் கார்களின் மின்சாதனங்கள் லூகாஸ் நிறுவனத்துடையவை. விளக்கு அடிக்கடி அணைந்துபோவதால் லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்' என்று பட்டப்பெயரே உண்டு. பாவம், பழி முழுக்க அவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. பெரும்பாலும் வில்லன், துருப்பிடித்த வயர் இணைப்புகளும் எர்த்தும்தான்.

இன்ஜின் ரப்பர் மவுன்ட் மீது உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே தனியாக ஒரு எர்த் பட்டை ஓடும். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ, செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் வேறு வழி தேடும். அகப்படுவது சோக் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோதான். மெல்லிய கேபிள் சூடாகிப் புகைகூட வரும். செல்ஃபே போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. மல்டிமீட்டர் இருந்தால் இரண்டே நிமிடம்: ஒரு முனை பேட்டரியின் எர்த் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறுதான்.

ஃபியூஸிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் வேறு வகை 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன் வயர் எரியும்.

பாதி வழியில் நின்றால்...

ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் ஓடி, நின்றுவிட்டது. கரன்ட்டா, பெட்ரோலா? நின்ற விதமே சொல்லும். சாவியை அணைத்ததுபோல பட்டென நின்றால், உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், பெரும்பாலும் மின்சாரம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், கண்டன்சர், வயர் என்று பார்க்க வேண்டும். இருமி, திணறி, இழுத்து நின்றால் பெட்ரோல். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், அதன்பின் கார் ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத ரிப்பேர்!

ஓடுகிறது என்றதும் சாலைக்குப் போய்விட வேண்டாம். பிரேக் ஆயில் பல வருட ஈரத்தைக் குடித்திருக்கும், அதை மாற்ற வேண்டும். டயரில் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் தேதி எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால், அது 2000-க்கு முன்பு செய்த டயர்.