குழந்தையின் காயமும் நம் கடமையும்



பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைக் காணாதவர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் நகரும். மலைக்கு மேற்கே, அப்பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. அங்கே கூட்டத்தில் தாயைப் பிரிந்து ஒரு குழந்தை அழுது நிற்பதாகக் கொள்வோம். கண்டவர் என்ன செய்வார்? சாட்சி தேடிக்கொண்டிருப்பாரா? மாட்டார். குழந்தையைத் தேற்றி, அருகிலுள்ள காவலரிடம் ஒப்படைப்பார். அத்தகைய குழந்தையைக் கண்டு தம் பொறுப்பில் ஏற்றவர் 24 மணி நேரத்திற்குள் உரியவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் விதிக்கிறது.

ஆனால், தன் வீட்டிற்குள்ளேயே பாதுகாப்பை இழந்த குழந்தையைக் கண்டால் மட்டும் நாம் தயங்குகிறோம். ‘பிறர் குடும்ப விவகாரம்; நமக்கேன்?’ என்று ஒதுங்குகிறோம்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இவ்வாறே தயங்கியது. 1860-இல் பிரெஞ்சு மருத்துவர் தார்தியே, பெரியவர்களால் வதைக்கப்பட்ட குழந்தைகளின் காயங்களை விவரித்து எழுதினார், உலகம் செவிசாய்க்கவில்லை. 1946-இல் அமெரிக்க மருத்துவர் கேஃபி, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்த கைக்குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதை எக்ஸ்ரே படங்களில் கண்டார். 1962-இல் டென்வர் நகரத்துக் கெம்ப் என்பவரும் அவருடைய துணைவர்களும், பல குழந்தைகளின் காயங்களுக்குப் பெற்றோரோ வளர்ப்போரோ காரணமாயிருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதினர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், ஐயம் எழுந்தால் மருத்துவர் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் இயற்றின.

எந்தக் காயம் ஐயத்திற்குரியது? ஓடியாடும் குழந்தைக்கு முழங்காலிலும் முன்னங்காலிலும் நெற்றியிலும் காயம் படுவது இயல்பு. காது, கழுத்து, முதுகு, தொடை ஆகிய இடங்களில் தோன்றும் கன்றல்கள் அவ்வாறு எளிதில் ஏற்படுவதில்லை. தவழவும் அறியாத சிசுவின் உடலில் கன்றல் இருப்பின் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். சொல்லப்படும் காரணம் காயத்திற்குப் பொருந்தாமையும், சிகிச்சைக்குக் காலந்தாழ்த்தி வருவதும் கவனிக்கத்தக்கவை. காயமின்றியே ஒரு குழந்தை திடீரென ஒடுங்கிப் போகலாம். வீடு திரும்ப அஞ்சலாம். இவை எதுவும் முடிந்த சான்று அல்ல. அறிந்தவரிடம் அனுப்புவதற்குப் போதிய காரணமேயாகும்.

அடி அண்ணாமலைப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை இத்தகைய குறியைக் காண்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவிக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் குழந்தையைப் பார்த்து, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஏன் அனுப்பவேண்டும்? பழைய முறிவையும் புதிய முறிவையும் பிரித்தறிய எக்ஸ்ரே வேண்டும்; குழந்தை நல மருத்துவரும் மனநல மருத்துவரும் வேண்டும். இரத்தநோய் காரணமாகவும் கன்றல் தோன்றலாம். ஆதலால் இந்தப் பரிசோதனை, குற்றமற்ற பெற்றோரையும் பழியிலிருந்து காக்கிறது. குழந்தையின் பாதுகாப்பைக் குறித்து முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு.

பாலியல் கொடுமை குறித்த ஐயமாயின் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தும் தெரிவிக்காத பெரியவர் தண்டனைக்குரியவர். சொல்லாமலிருந்த குழந்தைக்குத் தண்டனை இல்லை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது. வழக்குப் பதிவாகாவிடினும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு முன் எந்த ஆவணமும் கேட்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கது யாது? தோழனோ தோழியோ துயரத்தைச் சொன்னால் பொறுமையுடன் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களிக்காதீர்கள்; ‘உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்’ என்று கூறுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஒரே துன்பத்தைப் பலரிடம் பலமுறை சொல்லவைப்பதும் கொடுமையே. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிடில் 1098-ஐ அழையுங்கள். அப்பெயரை ஊரில் பரப்பாதீர்கள்.

குற்றத்தை நிரூபிப்பது நம் வேலையன்று. அதற்கு மருத்துவரும் காவலரும் நீதிமன்றமும் உண்டு. கூட்டத்தில் அழுத குழந்தையை உரிய கையில் சேர்த்தோமே, அதே கடமைதான் இங்கும் நம்முடையது.