மலையின் குரலும் படக்கருவியும்

மக்களின் மரபையும் சூழலையும் காட்டும் படங்களுக்கென 1977-இல் நியூயார்க்கில் மானிடவியலறிஞர் மார்கரெட் மீட் பெயரால் திரைப்பட விழா தொடங்கப்பெற்றது. இத்தகைய படங்களுக்கு உண்மையே உயிர். ஆயினும், 1922-இல் வெளிவந்த 'நானூக்' படத்தில், துப்பாக்கி பழகிவிட்ட இனூயிட் மக்களைப் பழைய ஈட்டியோடு வேட்டையாடச் செய்தே இராபர்ட் பிளாஹர்ட்டி படமெடுத்தார். பார்ப்போர் விரும்பும் பழமை வேறு. வாழ்வோரின் உண்மை வேறு.

எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர், சாமை விளைவிப்போர். பயிர் மறைந்தால் அதை விதைக்கும் பருவமும், சேமிக்கும் முறையும், அவற்றுக்குரிய சொற்களும் மறையும். மூத்தோர் இருக்கும்போதே இவை பதிவாக வேண்டும். படக்கருவியோ அம்மலையின் இளைஞர் கையிலேயே இருத்தல் வேண்டும். தம் பாட்டியிடம் எதைக் கேட்பதென அவர்கள் அறிவார்கள் அன்றோ!