பொரித்த மாவுக்குள் எந்த மீன்?

வட அட்லாண்டிக் மீனவர்கள் ஹாடாக் மீனை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். செவுளுக்குச் சற்றுப் பின்னால், மேல்பக்கத்தில், ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும். அது பேதுருவின் கட்டைவிரல் பட்ட தடம் என்று ஐரோப்பாவில் ஒரு கதை உண்டு. நம் கடற்கரையில் இராயப்பர் என்று கொண்டாடுகிறோமே, அதே பேதுருதான். ஹாடாக்கின் பக்கவாட்டில் ஓடும் கோடும் கறுப்பு. அதன் உறவுக்கார மீன் ‘காட்’; அதற்கு அந்தக் கோடு வெளிர்நிறம். காட்டின் தாடைக்குக் கீழே ஒற்றை மீசை நன்றாகத் தெரியும்படி தொங்கும்.

இந்த அடையாளங்கள் எல்லாமே தலையிலும் தோலிலும்தான் இருக்கின்றன. தலையை வெட்டி, தோலை உரித்து, முள்ளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வெள்ளைச் சதைத் துண்டு. அதை மாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுத்தபின், வாழ்நாள் முழுக்கக் கடலில் கழித்த மீனவர்கூட அது என்ன மீன் என்று உறுதியாகச் சொல்வது கடினம். அதனால்தான் ஹாடாக் துண்டில் தோலை உரிக்காமல் விற்கும் பழைய வழக்கம் வந்தது. தோல் இருந்தால் சாட்சி இருக்கிறது.

பிரிட்டனில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் டேக்அவே கடைகள் சுமார் 10,000 இருக்கின்றன. முதல் கடை லண்டனின் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்ற யூதக் குடியேறி வைத்ததா, லங்காஷயரின் மோஸ்லி ஊரில் ஜான் லீஸ் வைத்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் 1860-களைச் சேர்ந்தவை. உழைக்கும் மக்களின் சாப்பாடாக வளர்ந்தது இது. இரண்டு உலகப் போர்களிலும் அரசு இதற்குப் பங்கீடு கொண்டுவரவில்லை. தெற்கே காட், வடக்கு இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடாக் என்று ஊருக்கொரு பிடிவாதம் உண்டு. வாடிக்கையாளர் கேட்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

இந்த இரண்டும் முன்போலக் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். ஐஸ்லாந்துக் கடலில் யார் மீன்பிடிப்பது என்று பிரிட்டனும் ஐஸ்லாந்தும் 1958 முதல் 1976 வரை மூன்று முறை மோதின. போர்க்கப்பல்கள் இடித்துக்கொண்டன, வலைகள் அறுக்கப்பட்டன. முடிவில் 200 கடல்மைல் எல்லை ஐஸ்லாந்துக்கு உறுதியானது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தொலைகடல் இழுவைப் படகுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் கூட்டமே சரிந்து, 1992-ல் மீன்பிடிக்கத் தடை வந்தது. இன்று உலகின் மிகப் பெரிய காட் வளம் பாரண்ட்ஸ் கடலில் இருக்கிறது. நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து அதற்கு ஆண்டுதோறும் பிடிக்கும் அளவை நிர்ணயிக்கின்றன. 2021-ல் 8,85,000 டன்னுக்கு மேல் இருந்த அந்த அளவு 2025-க்கு 3,40,000 டன்னாகக் குறைந்துவிட்டது. இதற்கிடையில் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. ரஷ்ய வெள்ளை மீனுக்குப் பிரிட்டன் 2022-ல் 35 சதவீதக் கூடுதல் வரி போட்டது. சிறு கடைக்காரர் எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்டிருக்கிறார். அந்த நெருக்கடியில் கதவைத் தட்டுவது மலிவான மீன்.

மாற்றாக வருபவற்றில் சில காட்டின் உறவுக்காரர்களே. வைட்டிங் சிறிய மீன், சதை மென்மை. சைத் சற்றுக் கருத்த சதை, வெந்தால் வெளுத்துவிடும். அலாஸ்கா பொல்லாக் வட பசிபிக்கில் மிகப் பெரிய அளவில் பிடிபடுவது, மீன்விரல்கள் பலவற்றுக்குள் இருப்பது. இவை எல்லாம் குளிர்கடல் மீன்கள், ஒரே குடும்பம். ஆனால் சற்றும் உறவில்லாத ஒரு விருந்தாளியும் இந்த வரிசையில் நிற்கிறது. அது மேகாங் ஆற்றின் பங்காசியஸ்.

இந்த மீனைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊரிலும் இது புழங்குகிறது. பங்காசியஸ் ஒரு கெளுத்தி. செதில் கிடையாது, நன்னீரில் வாழும். தண்ணீரில் உயிர்வளி குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கி, காற்றுப்பையின் வழியாக மூச்சுவிடும். நம் விராலைப் போல மண்டிய குட்டையிலும் சாகாது. வியட்நாமின் மேகாங் டெல்டாவில் ஆழமான குளங்களில் இதை நெருக்கமாக வளர்க்க முடிவதற்கு இந்த மூச்சுதான் காரணம். முன்பு ஆற்றில் குஞ்சு பிடித்துவந்து வளர்த்தார்கள். 1990-களின் நடுவில் ஊக்கி ஊசி போட்டுக் குளத்திலேயே முட்டையிட வைக்கும் முறை கைகூடியதும் தொழில் மளமளவென்று பெருகியது. ஆறேழு மாதத்தில் ஒரு கிலோ அளவுக்கு வளர்கிறது. இன்று வியட்நாம் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது.

ஆலையில் தோல், முள், சிவந்த சதை, கொழுப்பு எல்லாம் நீக்கி வெள்ளைத் துண்டாகச் சீவுகிறார்கள். உடலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் துண்டாகத் தேறும். அப்படியும் காட்டைவிட விலை மிகவும் குறைவு. காட் பிடிக்க ஆர்க்டிக் கடலுக்குக் கப்பல் போகவேண்டும், எண்ணெய் எரியவேண்டும், புயல் வந்தால் காத்திருக்கவேண்டும். குளத்து மீனுக்கு இது எதுவும் இல்லை. பிரிட்டனில் இதற்குப் பாசா, பங்கா, ரிவர் காப்ளர் என்று பல பெயர்கள் உண்டு.

வாயில் வைத்தால் வேறுபாடு தெரியாதா? தெரியும், கவனித்தால். மீனின் தசை அடுக்கடுக்கான பட்டைகளால் ஆனது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் கொல்லாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய சவ்வு. சூடேறும்போது சவ்வு கரைந்து பட்டைகள் பிரிகின்றன. காட்டில் பட்டைகள் பெரியவை. குளிர்கடல் மீனின் கொல்லாஜன் குறைந்த சூட்டிலேயே கரையும். அதனால் வெந்த காட் பெரிய பெரிய இதழ்களாக உதிர்கிறது. வெப்பநாட்டு மீனான பங்காசியஸ் மென்மையாக, ஈரமாக, ஒரே பிண்டமாக நிற்கும். இன்னொரு துப்பு மணம். கடல் மீன்கள், அதிலும் காட் குடும்பம், உப்பு நீரின் அழுத்தத்தைச் சமாளிக்க டிரைமெத்தில்அமைன் ஆக்சைடு என்ற பொருளைச் சதையில் சேர்த்து வைக்கின்றன. மீன் பழையதாகும்போது எழும் வாடை இது சிதைவதால் வருவது. நன்னீர் மீனில் இது மிகக் குறைவு. அதற்குப் பதில் குளத்தின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் சேர்ந்தால் மண்வாடை அடிக்கும்; மழை பெய்ததும் நிலத்திலிருந்து எழும் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். ஆனால் மொறுமொறுப்பான மாவு, உப்பு, தாராளமாகத் தெளித்த வினிகர், வெள்ளிக்கிழமை ராத்திரியின் பசி, இவை எல்லாம் சேர்ந்தால் நாக்கு அந்தத் துப்புகளைத் தேடுவதில்லை.

நாக்கு விட்ட இடத்தில் ஆய்வகம் தொடங்குகிறது. முன்பு மீனின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, அவை நிற்கும் கோடுகளை வைத்து இனம் பார்த்தார்கள். பச்சை மீனுக்கு அது போதும். வேகவைத்தால் புரதம் உருக்குலைந்துவிடும். பொரித்த மீனிடம் அந்த முறை தோற்றது. டி.என்.ஏ. அப்படி அல்ல. எண்ணெய் 180 டிகிரியில் காய்ந்தாலும் மாவுக்குள் இருக்கும் மீன் தன் ஈரத்தின் ஆவியிலேயே வேகிறது. அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. டி.என்.ஏ. இழை துண்டு துண்டாக அறுந்தாலும் படிக்கும்படியான துண்டுகள் மிஞ்சுகின்றன. மீனை மறைக்கும் மாவே அதன் அடையாளத்தைக் காத்தும் வைக்கிறது. உயர்ந்த சூட்டில், அழுத்தத்தில் அடைத்த டின் மீனில் இதைவிடச் சிரமம்.

எதைப் படிப்பது? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-ல் ஒரு வழி சொன்னார். விலங்குகளின் செல்லில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அதில் சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு பகுதி, ஏறக்குறைய 650 எழுத்துகள், இனத்துக்கு இனம் மாறுகிறது. ஒரே இனத்துக்குள் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்த வரிசையை இனத்தின் பார்கோடாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான நகல்களாக இருப்பதால், பருக்கை அளவு சதை போதும். ஆய்வாளர் மாவை நீக்கி, துண்டின் நடுவிலிருந்து சிறிது கிள்ளி எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் அந்தப் பகுதியை மட்டும் பல கோடி மடங்கு பெருக்கி, எழுத்துகளைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடுகிறார். காட்டா, ஹாடாக்கா, பங்காசியஸா என்று அந்த வரிசை ஐயமில்லாமல் சொல்லிவிடும். எல்லா மீனுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். சூரை இனங்கள் சில ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். அவற்றைப் பிரிக்க வேறு மரபணுக்களையும் பார்க்கவேண்டும்.

இந்தக் கருவி கைக்கு வந்ததும் உண்மைகள் வெளிவரத் தொடங்கின. டப்ளினில் டானா மில்லர், ஸ்டெஃபானோ மரியானி இருவரும் காட், ஹாடாக் என்று விற்ற 156 மாதிரிகளைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் ஒன்று பெயரில் சொன்ன மீனாக இல்லை. புகையிட்ட மீனில் நிலை இன்னும் மோசம், பத்தில் எட்டுக்கு மேல். பதப்படுத்தல் கூடக் கூடப் பொய் சொல்வது எளிதாகிறது. பிரிட்டனின் விச் என்ற நுகர்வோர் அமைப்பு 2014-ல் பர்மிங்ஹாம், கிளாஸ்கோ, மான்செஸ்டர் டேக்அவே கடைகளில் வாங்கிச் சோதித்தபோது, சுமார் ஆறில் ஒன்று வேறு மீன். கிளாஸ்கோவில் ஹாடாக் என்று கொடுத்தவற்றில் வைட்டிங் இருந்தது.

ஆனால் சோதனைக்குப் பலன் உண்டு. 2013-ல் மாட்டிறைச்சிக்குள் குதிரை இறைச்சி கலந்த விவகாரம் ஐரோப்பாவை உலுக்கியது, கண்காணிப்பு கூடியது. 2015-ல் மரியானியும் பிறரும் ஆறு நாடுகளின் கடைகளிலிருந்து 1,563 மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோது தவறான பெயர் 5 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. கடை அலமாரி திருந்தியது, தட்டு திருந்தவில்லை. 23 ஐரோப்பிய நாடுகளின் உணவகங்களில் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில் 26 சதவீதம் பொய்ப் பெயர். எனக்கு இந்த இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. பொட்டலத்தில் விற்கும் மீனுக்கு இனம், பிடித்த இடம், பிடித்ததா வளர்த்ததா என்று அச்சிட வேண்டும். சமைத்துக் கொடுப்பவருக்கு அந்த அளவு கட்டாயம் இல்லை. பிரிட்டனில் வெறுமனே ‘மீன்’ என்று எழுதி எந்த மீனையும் விற்கலாம். காட் என்று எழுதிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால்தான் 1990-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம்.

சட்டப்படி சரியான பெயரே மீனை மறைப்பதும் உண்டு. ‘ராக் சால்மன்’, ‘ஹஸ்’ என்று கடைப்பலகையில் இருப்பது சால்மனே அல்ல, சிறு சுறா வகைகள். பல இனங்களுக்கு ஒரே பெயர் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், டேக்அவே கடைகளின் இந்த மாதிரிகளில் பத்தில் ஒன்பது முள்நாய்ச்சுறா என்று தெரிந்தது. அதன் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முதிர்வதோ மிக மெதுவாக. ஐரோப்பாவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதைப் பிடிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பூஜ்ய அளவு வைத்தது. கூட்டம் ஓரளவு தேறியபின் 2023-ல்தான் மறுபடி திறந்தது. சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தாம் தின்றது சுறா என்றே தெரிந்திருக்காது.

பங்காசியஸைக் கீழான மீன் என்று யாரும் எண்ணவேண்டாம். முள் இல்லை, விலை குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது. ஒமேகா-3 கொழுப்பு காட்டைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆந்திரக் குளங்களில் பெருமளவில் வளர்த்து நம் சந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் பாசா என்று பட்டியலில் போட்டே விற்கும் உணவகங்கள் இருக்கின்றன. தப்பு மீனிடம் இல்லை. காட்டின் விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பது வாங்குபவரின் பணத்தைத் திருடுவது. பக்கத்துத் தெருவில் உண்மையான காட்டை விற்று நட்டப்படும் கடைக்காரரின் வயிற்றிலும் அடிப்பது. கடலுக்கும் இழப்பு. காட் தாராளமாகக் கிடைக்கிறது என்ற பொய்த் தோற்றம் இருக்கும்வரை யாரும் அதன் நிலையைக் கேட்கமாட்டார்கள்.

கடைக்காரரே ஏமாந்திருக்கவும் கூடும். பெட்டியை மாற்றுவது மொத்த வியாபாரியாக இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? பெல்ஃபாஸ்டில் குவீன்ஸ் பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்ட முறைக்கு இங்கே வேலை இருக்கிறது. அறுவை சிகிச்சையில் புற்றுத் திசுவை அடையாளம் காண லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான மின்கத்தி அது. கத்தி திசுவைச் சுடும்போது எழும் புகையை நிறமாலைமானி உறிஞ்சி, அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளின் எடைகளைப் பதிவு செய்கிறது. காட், ஹாடாக், வைட்டிங், சைத், பொல்லாக் ஆகிய ஐந்து மீன்களின் பச்சைத் துண்டுகளை இதால் தொட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 99 சதவீதம் சரியான விடை, அதுவும் சில விநாடிகளில். டி.என்.ஏ. முடிவுக்கு நாள்கணக்கில் காத்திருக்கும்போது மீன் விற்றுத் தீர்ந்திருக்கும். இந்தக் கருவியைக் குளிர்கிடங்கின் வாசலிலேயே வைத்துப் பார்க்கலாம். விலைதான் இன்னும் சிறு நிறுவனங்களுக்கு எட்டாதது.

கருவி வரும்வரை கடைக்காரர் கையில் வேறொன்று இருக்கிறது. கப்பலிலேயே உறையவைத்த காட், ஹாடாக் பெட்டிகளின் மேல் கப்பலின் பெயரும் பிடித்த தேதியும் அச்சிட்டு வருகின்றன. பிரிட்டனில் பல கடைகள் இன்றைய மீன் எந்தக் கப்பலுடையது, எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிவைக்கின்றன. காட் கட்டுப்படியாகாத கடைகளில் சில, பாசாவை அதன் பெயரிலேயே, குறைந்த விலையில், தனி வரியாகப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. மீனை விசாரிக்கும் வாடிக்கையாளருக்கு அங்கே பெட்டியை எடுத்துக் காட்டுகிறார்கள்.