அலுவலகத்துள் அகம்

'அலுவலகம்' என்னும் சொல்லைப் பிரித்து நோக்கின் அலுவல், அகம் என இரு சொற்கள் கிடைக்கின்றன. அகம் என்பதற்கு வீடு என்றும் உள்ளம் என்றும் பொருளுண்டு; இங்கே இடம் என்னும் அளவில் நின்றுவிடுகிறது. விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதியை நாம் கழிக்கும் அவ்விடத்தில் வீட்டின் இயல்பு சிறிதேனும் உண்டா என வினவினால் விடை கூறத் தயங்கவே செய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலுவலகம் ஏறக்குறைய ஒரு பள்ளி வகுப்பாகவே இருந்தது. வரிசை வரிசையாக மேசைகள். அவற்றைக் கண்காணிக்க ஒரு தலைமை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1906இல் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய லார்கின் கட்டடம் ஒளியும் காற்றும் நிறைந்த பேரழகுக் கட்டடம். ஆயினும் அதன் இரும்பு மேசைகள் சிலவற்றில் இருக்கை மேசையுடனேயே பிணைக்கப்பட்டிருந்தது. அமர்ந்தவர் தம் நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை! 1950இல் அக்கட்டடம் இடிக்கப்பட்டது.

1950களின் இறுதியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் சுவர்களை நீக்கி, தாள்களும் செய்திகளும் செல்லும் வழியை ஆராய்ந்து, அதற்கேற்ப மேசைகளை இட்டு, இடையிடையே செடிகளை வைத்தனர். தேவைக்கேற்ப மாற்றத்தக்க அமைப்பு இது. எனினும் மேசை எங்கிருக்க வேண்டுமெனத் தாள்கள் முடிவு செய்தனவேயன்றி, அமர்பவர் முடிவு செய்யவில்லை.

அமர்பவரிடமே அம்முடிவில் ஒரு பங்கை ஒப்படைத்தவர் நெதர்லாந்தின் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர். 1932இல் பிறந்த இவர், அப்பெல்டோர்ன் நகரில் சென்ட்ரால் பெஹீர் என்னும் காப்பீட்டு நிறுவனத்திற்காக வடிவமைத்த அலுவலகம் 1972இல் நிறைவுற்றது. ஏறத்தாழ ஆயிரம் பேர் பணிபுரிந்த கட்டடம். ஆயிரம் பேரை ஒரே கூடத்தில் அமர்த்தினால் அது சந்தையாகிவிடும். தனித்தனி அறைகளில் அடைத்தால் சிறையாகிவிடும். ஹெர்ட்ஸ்பெர்கர் இரண்டையும் தவிர்த்தார். பக்கத்திற்கு 9 மீட்டர் கொண்ட சதுர மேடைகளைப் பல தளங்களில் அடுக்கினார். ஒவ்வொரு மேடையின் நடுவிலும் சிலுவை வடிவில் நடைவழி. நான்கு மூலைகளிலும் 3 மீட்டர்ச் சதுரங்கள். அம்மூலையில் மேசைகளை இடலாம். கூடிப் பேசும் இருக்கைகளை இடலாம். காப்பி அருந்துமிடமாகவும் ஆக்கலாம். மேடைகளுக்கிடையே உள்ள இடைவெளியில் மேலிருந்து வெயில் இறங்கும். மேல்தளத்தில் இருப்பவர் கீழ்த்தளத்தவரைக் காணலாம். நம் ஊர்களின் முற்றம் வைத்த வீடுகளை அறிந்தோர்க்கு இவ்வமைப்பை விளக்கவேண்டுவதில்லை.

இவற்றினும் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சுவர்களுக்குப் பூச்சு இல்லை. சாம்பல்நிறக் கற்காரைக் கட்டிகளை அப்படியே விட்டுவிட்டார். சிக்கனம் என்றோ சோம்பல் என்றோ இதனைக் கருதுவது தவறு. கட்டடத்தைக் கலைஞர் முழுதும் முடித்துவிட்டால் குடியிருப்பவர் செய்வதற்கு எதுவும் எஞ்சாது என்பது அவர்தம் கொள்கை. ஊழியர்கள் தொட்டிச் செடிகளையும் படங்களையும் தத்தம் விருப்பப்படி கொணர்ந்து வைத்துத் தம் மூலையைத் தமதாக்கிக் கொண்டனர். குறைகளும் இருந்தன. நாற்புறமும் ஒன்றுபோல் தோன்றிய அக்கட்டடத்தின் முதன்மை வாயிலை வந்தவர் தேடவேண்டியிருந்தது; பின்னாளில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. இதனால் அவர்தம் கொள்கை பழுதுபட்டதாக நாம் கருதவில்லை.

இதற்கு நேர்மாறான முயற்சி 1994இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. சையாட் டே என்னும் விளம்பர நிறுவனம் தன் ஊழியர்க்குரிய நிலையான மேசைகளை அகற்றியது. காலையில் வந்ததும் தொலைபேசியையும் மடிக்கணினியையும் இரவல் பெற்று, விரும்பிய இடத்தில் அமரலாம். சொந்தப் பொருள்களுக்குச் சிறு பெட்டகம் மட்டும் உண்டு. வண்ணமும் மெத்திருக்கையும் குறைவின்றி இருந்தன. நிகழ்ந்ததோ வேறு. காகிதங்களை வைக்க இடமின்றிச் சிலர் தம் கார்களையே அலமாரியாக்கினர். கருவிகள் எல்லார்க்கும் போதவில்லை. தேடிய ஆளைக் காண்பதே அரிதாயிற்று. 1998இல் அந்நிறுவனம் புதிய கட்டடத்திற்குப் பெயர்ந்தபோது மேசைகள் திரும்பி வந்தன. நெகிழ்வு இருந்தது; அகம் இல்லை.

2020இன் பெருந்தொற்றுக்குப் பின் பல நிறுவனங்கள் மீண்டும் பொதுமேசை முறையை நாடியுள்ளன. வாரத்தில் சில நாள்களே வருபவர்க்குத் தனிமேசை வீண் என்பர். இடவாடகையை எண்ணும்போது அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் வீடுபோன்ற தோற்றத்திற்கெனச் சோபாவும் ஊஞ்சலும் வாங்கிவிட்டு, மேசைமேல் ஒரு படத்தை வைக்கக்கூடாது என விதி வகுப்போரை என்னென்பது?

நம் கல்லூரிகளில் காலை, மாலை என இரு சுழற்சிகள் நடைபெறும் துறைகளில் ஒரே மேசையை இருவர் பகிர்வதுண்டு. அம்மேசைக்கு இரண்டு இழுப்பறைகள் இருந்தால் போதும். காலையில் வருபவர் தம் கண்ணாடியையும் பாதி திருத்திய விடைத்தாள்களையும் ஒன்றில் வைத்துச் செல்வார். மற்றதில் மாலையில் வருபவரின் தேநீர்க் கோப்பையும் குறிப்பேடும் இருக்கும். பூட்டு இரண்டு, சாவி இரண்டு. தச்சருக்குக் கூடுதலாகத் தரவேண்டியது சிறு தொகையே.